வடகொரியா மிரட்டுது, பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டுக்கணுமா?

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 26 வயசு. தென்கொரியாவுல, சியோலுக்கு வடக்கால இருக்கற உய்ஜொங்பு ஊர்ல இங்கிலீஷ் டீச்சரா வேலை பாக்கறா. ஆகஸ்ட் கடைசில கான்ட்ராக்ட் முடியுது, இன்னும் ஒரு வருஷம் இருக்கேங்கறா. வடகொரியாக்காரன் மிஸைல் விட்டான், அணுகுண்டு போடுவேன்னு சொன்னான்னு செல்போன்ல வீடியோ வர்றப்பல்லாம் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மெசேஜ் போடறேன், அவ கிளாஸ்ல இருப்பா, பதில் வராது, அப்புறம் விடியற வரைக்கும் தூக்கமே இல்ல. வீட்டுக்காரர் "குரைக்கிற நாய் கடிக்காது, பேசாம படு"ங்கறாரு. நாத்தனார் "பொம்பளைப் பிள்ளையை அங்க விட்டுட்டு உனக்கு எப்படி சோறு இறங்குது"ன்னு கேக்கறாங்க. யார் சொல்றது சரி? (ஒரு அம்மா, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் சொன்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அவர் சொல்றதுல முக்கால்வாசி நிஜம், மீதி கால்வாசிதான் ஆபத்து.

வடகொரியா பெருசா மிரட்டின பழைய கதையெல்லாம் எடுத்துப் பாருங்க. 1994 மார்ச்ல எல்லையில இருக்கற பன்முன்ஜொம்ல பேச்சுவார்த்தைக்கு வந்த அவங்க ஆளு, சியோல் நெருப்புக் கடலாயிடும்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அந்த ஜூன்ல சியோல் ஜனங்க கடைல அரிசியும் நூடுல்ஸும் அள்ளிக்கிட்டுப் போனாங்க, அப்புறம் அமெரிக்காவோட முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வடகொரியத் தலைநகர் பியாங்யாங் போய்ப் பேசினாரு, அக்டோபர்ல ஒப்பந்தமே ஆயிடுச்சு. 2013 இன்னும் மோசம். கொரியப் போரை நிறுத்த 1953ல கையெழுத்தான போர்நிறுத்தம் இனிமே செல்லாதுன்னாங்க, அமெரிக்கா மேல நாங்களே முந்திக்கிட்டு அணு ஆயுதத்தால அடிப்போம்னாங்க, பியாங்யாங்ல இருந்த எம்பசிங்களைக் கூப்பிட்டு ஏப்ரல் 10க்கு மேல உங்க பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பில்லன்னாங்க, தெற்குல இருக்கற வெளிநாட்டுக்காரங்க எல்லாம் கிளம்பற வழியைப் பாத்துக்கோங்கன்னும் சொன்னாங்க. உங்க பொண்ணு மாதிரி டீச்சருங்களும் அதுல சேர்த்திதான். எம்பசிங்க மூட்டை கட்டல. 10ஆம் தேதி வந்துச்சு, போச்சு. 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட குவாம் தீவைச் சுத்தி மிஸைல் விடப்போறோம்னாங்க, டிரம்ப்பும் பதிலுக்கு நெருப்பைக் கக்கினாரு, செப்டம்பர் 3ல அவங்க ஆறாவது அணுகுண்டு சோதனையும் பண்ணிட்டாங்க, உலகமே இப்போ வெடிக்கும் அப்போ வெடிக்கும்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு, ஆனா அடுத்த பிப்ரவரில குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு கொரியாவும் ஒரே கொடி பிடிச்சு நடந்து வந்தாங்க.

இப்போ அந்தக் கால்வாசிக்கு வர்றேன். 2010 மார்ச் 26 ராத்திரி சொனான்ங்கற தென்கொரியக் கடற்படைக் கப்பல் ரெண்டா உடைஞ்சு 46 பேர் செத்தாங்க. வடகொரியா டார்பிடோதான்னு பல நாட்டு நிபுணர்ங்க சேர்ந்து விசாரிச்சு சொன்னாங்க, வடக்கு இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கல. அதுக்கு முன்னாடி டிவில வீராவேசமா யாரும் நாள் குறிக்கல. அதே வருஷம் நவம்பர் 23ல தெற்கோட யொன்பியொங் தீவுல பீரங்கிக் குண்டு விழுந்து 4 பேர் செத்தாங்க, அதுல ரெண்டு பேர் சாதாரண ஜனங்க. இங்க எச்சரிக்கை வந்துச்சு, ஆனா எப்படி? தெற்கு ராணுவம் பயிற்சிக்காக சுடப்போகுதுன்னு தெரிஞ்சு, எங்க தண்ணின்னு நாங்க சொல்ற இடத்துல சுட்டா விடமாட்டோம்னு அன்னைக்குக் காலைலயே நேரா தகவல் அனுப்பினாங்க. மத்தியானம் அடிச்சாங்க. 2020 ஜூன் 13ல வடகொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னோட தங்கச்சி கிம் யோ ஜொங், கேசொங்ல இருக்கற ரெண்டு நாட்டுத் தொடர்பு ஆபீஸ் இடிஞ்சு விழறதைச் சீக்கிரமே பாப்பீங்கன்னு சொன்னாங்க, 16ஆம் தேதி வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. அது அவங்க மண்ணுல இருந்த கட்டடம், கொரோனாவால உள்ள ஆளும் இல்ல.

இதுல எனக்குத் தெரியறது இதுதான். மிரட்டல் எவ்வளவு பெருசுன்னு பாக்காதீங்க, எவ்வளவு குறிப்பா இருக்குன்னு பாருங்க. வாஷிங்டனைச் சாம்பலாக்குவோம்ங்கறது வானத்தளவு மிரட்டல், அதைச் செஞ்சா அடுத்த நாள் அந்த ஆட்சியே இருக்காதுன்னு சொல்றவங்களுக்கே தெரியும். இந்த இடம், இந்தக் காரணம், இந்த நாள்னு சொல்லி, செஞ்சாலும் பெரிய யுத்தம் வராதுன்னு அவங்களுக்குத் தோணற அளவுக்கு சின்னதா இருந்தா, அதைத்தான் உண்மையா எடுத்துக்கணும்.

அணுகுண்டு வச்சிருக்கறவன் மனசைப் புரிஞ்சுக்க நாம கொரியா வரைக்கும் போகவேண்டியதே இல்ல தங்கச்சி. நம்ம பிரிட்டோரியா பக்கமே செஞ்சாங்களே. நிறவெறி ஆட்சில ஆறு குண்டு செஞ்சு முடிச்சு, ஏழாவதையும் ஆரம்பிச்சு வச்சிருந்தாங்க. அன்னைக்கு நம்ம ஜனங்களுக்கு யார் சொன்னா? 1993 மார்ச் 24ல அப்போ அதிபரா இருந்த டி கிளார்க் பார்லிமென்ட்ல எழுந்து, இருந்துச்சு, எல்லாத்தையும் பிரிச்சுட்டோம்னு சொன்னப்பதான் ஊருக்கே தெரிஞ்சுது. அவங்க திட்டம் என்னன்னு பின்னால வெளிய வந்துச்சு. முதல்ல இருக்குன்னும் சொல்லக்கூடாது, இல்லன்னும் சொல்லக்கூடாது. அங்கோலா பக்கம் இருந்து சோவியத்தும் கியூபாவும் நெருக்கினா அமெரிக்கா காதுல மட்டும் ரகசியமா சொல்றது. அதுக்கும் மசியலன்னா கலஹாரில பூமிக்கடியில ஒண்ணை வெடிச்சுக் காட்டறது. வல்லரசுங்களைப் பயமுறுத்தி தன் பக்கம் இழுக்கறதுதான் நோக்கம். உலகமே ஒதுக்கி வச்ச ஒரு அரசாங்கம், ஆட்சி போயிடுமோன்னு பயந்து செஞ்ச வேலை அது.

கிம் குடும்பத்துக்கும் அந்தப் பயம்தான். லிபியாவை ஆண்ட கடாஃபி 2003ல அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டாரு, 2011ல அவரைக் கொன்னுட்டாங்க, அதை வடகொரியா திரும்பத் திரும்ப சொல்லிக் காட்டுது. உயிரோட ஆட்சில இருக்கணும்னுதான் அவங்க குண்டே வச்சிருக்காங்க, அதைப் போட்டா உயிரும் போகும் ஆட்சியும் போகும். ஆனா நம்ம கதையை அப்படியே அங்க பொருத்திட முடியாது. இங்க இருந்தது விமானத்துல கொண்டுபோய்ப் போடற ஆறு குண்டு, அதையும் ஒளிச்சு வச்சிருந்தாங்க. அங்க மிஸைல் இருக்கு, கண்டம் தாண்டிப் போறதே இருக்கு, 2022 செப்டம்பர்ல, ஆபத்துன்னு பட்டாலே முந்திக்கிட்டு அடிக்கலாம்னு சட்டமே போட்டுட்டாங்க. தெற்கு இனிமே சொந்தம் இல்ல, எதிரி நாடுன்னு கிம் அறிவிச்சு, 2024 அக்டோபர்ல ரெண்டு நாட்டையும் இணைக்கற ரோடுகளைக்கூட வெடி வச்சு உடைச்சாங்க. அதனால வீட்டுக்காரர் மாதிரி "பேசாம படு"ன்னு என்னால சொல்ல முடியல.

என்னோட உண்மையான கவலை எங்கன்னா, யாரும் நினைச்சுச் செய்யற அணு யுத்தத்துல இல்ல, தப்புக் கணக்குல. எல்லையில ஒரு சின்ன மோதல், நாலு பேர் சாவு, பதிலுக்கு அவன் ரெண்டு அடி இவன் நாலு அடின்னு ஏறிப்போய், எவனோ ஒருத்தன் எதிராளி பெருசா அடிக்கப்போறான்னு தப்பா நினைச்சுட்டா? எல்லை ஓரத்துல வடக்குக்கு ஆயிரக்கணக்கான பீரங்கி இருக்கு, சியோல் எல்லையில இருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான், உய்ஜொங்பு அதைவிடக் கிட்ட. 2015 ஆகஸ்ட்ல கண்ணிவெடில ரெண்டு தெற்குச் சிப்பாய்ங்க காயப்பட்டு, பதிலுக்குத் தெற்கு எல்லையில ஸ்பீக்கர் போட்டுப் பிரசாரம் பண்ணி, ரெண்டு பக்கமும் சுட்டு, வடக்கு 48 மணி நேரம் கெடு வச்சு, அந்த அளவுக்குப் போச்சு. ராத்திரி பகலா உக்காந்து பேசித்தான் நிறுத்தினாங்க. எழுபது வருஷத்துக்கு மேல இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தியிருக்காங்க, இனிமேலும் நிறுத்துவாங்கன்னு நம்பறதுக்கு நிறைய காரணம் இருக்கு, எழுதிக் கொடுக்கத்தான் யாராலயும் முடியாது.

அப்போ எதைப் பாக்கறது? பேச்சை விடுங்க, ஆளுங்க நகர்றதைப் பாருங்க. தெற்குல சுமார் 28,500 அமெரிக்க சிப்பாய்ங்க இருக்காங்க, நிறைய பேர் பொண்டாட்டி பிள்ளைங்களோட. அந்தக் குடும்பங்களை அரசாங்கமே வெளிய அனுப்ப ஆரம்பிச்சா, எம்பசிங்க ஸ்டாஃபைக் குறைச்சா, சியோலுக்கான ஏர்போர்ட் இருக்கற இஞ்சியோனுக்குப் போற விமானத்தைக் கம்பெனிங்க வரிசையா நிறுத்தினா, தெற்கு அரசாங்கம் ரிசர்வ் ஆளுங்களைக் கூப்பிட்டா, அப்போ எதையும் யோசிக்காம பொண்ணைக் கிளம்பச் சொல்லுங்க. ஆனா அந்தச் செய்தியை ஃபார்வர்ட்ல வர்ற வீடியோவை வச்சு நம்பாதீங்க. 2017 செப்டம்பர்ல அமெரிக்கக் குடும்பங்களுக்கே "உடனே வெளியேறுங்க"ன்னு பொய் மெசேஜ் வந்து, ராணுவம் அது நாங்க அனுப்பலன்னு அறிவிக்க வேண்டியதாச்சு. 2023 மே 31 காலைல சியோல் மாநகராட்சியே வெளியேறத் தயாரா இருங்கன்னு எல்லா போனுக்கும் அலர்ட் அனுப்பிட்டு, கொஞ்ச நேரத்துல மத்திய அரசாங்கம் அது தப்பா போனதுன்னு சொல்லிச்சு. 2021 ஜூலைல நம்ம பக்கம் கலவரம் நடந்தப்போ வாய்ஸ் நோட் என்ன பாடுபடுத்திச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம். இந்த மூணாம் உலக யுத்தம்னு தலைப்புப் போட்டு வீடியோ விடறவங்களுக்கு உங்க பயம்தான் வருமானம். அந்த குரூப்பை மியூட் பண்ணுங்க, எனக்காக இதை மட்டுமாவது இன்னைக்கே செய்யுங்க.

பொண்ணுகிட்ட "வந்துடு வந்துடு"ன்னு சொல்றதை நிறுத்திட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை ஆற அமர உக்காந்து பேசுங்க. அங்க நம்மளைவிட ஏழு மணி நேரம் முன்னாடி, உங்களுக்கு மத்தியானம் பன்னெண்டுன்னா அவளுக்கு சாயங்காலம் ஏழு, அந்த நேரத்துல கூப்பிடுங்க. நம்ம வெளியுறவுத் துறையில வெளிநாட்டுல இருக்கறவங்க பேர் பதிவு பண்றதுக்கு ஏற்பாடு இருக்கு, பண்ணிட்டாளான்னு கேளுங்க, பண்ணலன்னா போனை வைக்கறதுக்கு முன்னாடி பண்ணச் சொல்லுங்க. சியோல்ல நம்ம எம்பசி இருக்கு, அந்த நம்பர் அவ போன்லயும் உங்க போன்லயும் இருக்கணும். அவ வீட்டுக்குக் கிட்ட பதுங்கற இடம் எதுன்னு கேளுங்க, அங்க நிறைய சப்வே ஸ்டேஷனும் அப்பார்ட்மென்ட் அடித்தளமும் அதுக்குன்னே குறிச்சு வச்சதுதான், அதைக் காட்டற ஆப்பும் இருக்கு, இங்கிலீஷ்லயும் வருது. பாஸ்போர்ட், கொஞ்சம் கொரியா பணம், கொஞ்சம் டாலர், தண்ணி, மருந்து, எல்லாம் ஒரே பையில. இன்ஷூரன்ஸ் பேப்பரை அவளே ஒரு தடவை படிக்கட்டும், பல பாலிசி யுத்தம்னா பணம் தரமாட்டாங்க. சைரன் அடிச்சா உங்களுக்குப் போன் பண்ணக்கூடாது, முதல்ல கீழ இறங்கணும், அப்புறம்தான் போன்னு நீங்களே வாயால சொல்லுங்க, அம்மா பதறுவாளேன்னு நின்னு டைப் பண்ணிக்கிட்டு இருக்கற பிள்ளைங்க நிறைய.

அப்புறம் முக்கியமானது, நான் மேல சொன்ன அந்த அறிகுறிங்கள்ல எது நடந்தா அவ கிளம்பணும்னு ரெண்டு பேரும் இப்பவே பேசி முடிவு பண்ணி எழுதி வைங்க. அந்தக் கோடு தாண்டினா அவ வாதாடக்கூடாது, தாண்டாத வரைக்கும் நீங்க வற்புறுத்தக்கூடாது. டிக்கெட்டுக்கு ஆகற ரேண்டை தனியா ஒதுக்கி வைங்க, தொடாதீங்க. இதைச் செஞ்சீங்கன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தாலும் அந்தப் பேப்பரைப் பாத்துட்டுத் திரும்பப் படுக்கலாம்.

நாத்தனாருக்கு நீங்க கோபமா பதில் சொல்ல வேண்டாம். அவங்களுக்கும் அந்தப் பொண்ணு மேல பாசம் இருக்கறதாலதான் கேக்கறாங்க. ஆனா 26 வயசுப் பொண்ணு தன் சம்பாத்தியத்துல நிக்கறா, டீச்சர் விசாவுக்கு அந்த நாடு ஏத்துக்கற ஏழே நாட்டுல நம்ம நாடும் ஒண்ணு, இங்க டிகிரி முடிச்சிட்டு வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருக்கற பிள்ளைங்க எத்தனைன்னு அவங்களுக்கும் தெரியும். போறதும் இருக்கறதும் அவ முடிவு. உங்களுக்கு அவகிட்ட கேக்கற உரிமை இருக்கு, அவளுக்காக முடிவு எடுக்கற உரிமை இல்லம்மா.

கான்ட்ராக்ட் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் அமெரிக்காவும் தென்கொரியாவும் சேர்ந்து பெரிய ராணுவப் பயிற்சி நடத்துவாங்க, மார்ச்லயும் ஒண்ணு உண்டு, அந்த ரெண்டு நேரத்துலயும் வடக்குல இருந்து மிரட்டல் வர்றது வழக்கம், மிஸைல்கூட விடுவாங்க. ஆகஸ்ட்ல ஜனங்களுக்கான ஒத்திகையும் இருக்கும், ஊர் முழுக்க சைரன் அடிக்கும், உங்க பொண்ணு அதை வீடியோ எடுத்து அனுப்பினாலும் அனுப்புவா. அவ கையெழுத்துப் போடவேண்டியதும் அதே மாசம்தான். அதனால இதை ஜூலைலயே பேசி முடிச்சுடுங்க, அந்த மாசம் பொறந்தப்புறம் பேச்சை எடுக்காதீங்க.