பிரிட்டனில் பிரதமருக்கு யாரும் நேரடியாக வாக்களிப்பதில்லை என்றால், தேர்தலுக்கு முன் மக்கள் ஏன் கட்சித் தலைவர்களைப் பற்றியே விவாதிக்கிறார்கள்?

பிரிட்டன் பொதுத்தேர்தல் என்பது 650 தொகுதிகளில் தனித்தனியே நடக்கும் தேர்தல். சாவடியில் நூலில் கட்டிய பென்சிலால் வாக்காளர் பெருக்கல் குறி இடுவது தம் தொகுதி வேட்பாளர் ஒருவரின் பெயருக்கு எதிரே மட்டுமே. ஆனால் மக்களவையில் பெரும்பான்மை பெறும் கட்சியின் தலைவரையே மன்னர் பிரதமராக நியமிப்பதால், அந்த ஒரு குறி தலைவருக்கான மறைமுக வாக்காகவும் ஆகிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தளத்துக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும்போதே, அவர் யாரைச் சங்கத் தலைவராக்குவார் என்று படிக்கட்டில் நின்று பேசிக்கொள்வதைப் போன்றது இது.

தலைவரின் கவர்ச்சி எப்போதும் இடங்களாக மாறுவதில்லை. 2010 ஏப்ரலில் நடந்த முதல் தொலைக்காட்சி விவாதத்துக்குப் பின், லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கின் கட்சி கருத்துக்கணிப்புகளில் விறுவிறுவென ஏறியது. அவர் பெயர் இருந்ததோ ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதி வாக்குச்சீட்டில் மட்டும்; முந்தைய தேர்தலில் 62 இடங்களை வென்ற கட்சிக்கு 57 இடங்களே கிடைத்தன. (கூட்டணி அமைந்ததால் அவர் துணைப் பிரதமரானது வேறு கதை.)

பிரதமர் மாறினால் பொதுத்தேர்தல் நடந்தாக வேண்டும் என்று பலர் நினைப்பது சரியல்ல: 2022இல் ஜான்சன், டிரஸ், சுனக் என மூவர் அப்பதவியில் இருந்தும் அந்த ஆண்டு பொதுத்தேர்தல் நடக்கவில்லை.