ஐவிஎஃப் செலவுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 37. திருமணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செய்துகொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர். பேக்கேஜ் 1.8 லட்சம் ரூபாய். எங்கள் இருவர் சம்பளம் சேர்த்து 85,000, வீட்டுக்கடன் இஎம்ஐ 22,000. எஃப்டியில் 3 லட்சம், பிறக்கப்போகும் குழந்தையின் படிப்புக்கென்று மியூச்சுவல் ஃபண்டில் 2.8 லட்சம், 18 பவுன் நகை இருக்கின்றன. ஃபண்டைத் தொடாமல் நகையை அடகு வைக்கச் சொல்கிறார் மாமியார். இரண்டு வருடம் பணம் சேர்த்துவிட்டுப் போகலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
- வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். 35 வயதைத் தாண்டினால் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். காத்திருந்து சேர்க்கும் பணம், கூடுதல் சுற்றுகளுக்கே போய்விடலாம்.

அந்த 1.8 லட்சத்தில் என்னென்ன அடக்கம் என்று முதலில் எழுதி வாங்குங்கள். கருமுட்டைகளை வளர்க்கப் போடும் ஹார்மோன் ஊசியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பல இடங்களில் அது பேக்கேஜில் வராது. கருவை உறையவைப்பதற்கும் ஆண்டுதோறும் பாதுகாப்பதற்கும் தனிக் கட்டணம் இருக்கும். முதல் சுற்றுக்கு நான் 3 லட்சம் ஒதுக்குவேன்.

முதல் முயற்சி பலிக்காமல் போவது சாதாரணம். ஆனால் உறையவைத்த கரு மிச்சம் இருந்தால் அந்த ஹார்மோன் ஊசி, கருமுட்டை எடுப்பு எல்லாம் மறுபடி தேவையில்லை. கருப்பையைத் தயார்செய்து கருவை உள்ளே வைக்கும் செலவு மட்டும்தான். அந்தத் தொகையையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எஃப்டியும் ஃபண்டும் சேர்ந்து 5.8 லட்சம். மூன்று மாத இஎம்ஐக்கும் வீட்டுச் செலவுக்கும் 1.5 லட்சத்தை எடுத்து வைத்தால் 4.3 லட்சம் மிஞ்சும். முதல் சுற்றுக்கும் உறைகரு முயற்சிக்கும் அநேகமாக இதுவே போதும். படிப்புச் செலவுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது, ஃபண்டை எடுக்கத் தயங்காதீர்கள். பங்குகளில் முதலிடும் ஈக்விட்டி ஃபண்டாக இருந்து ஒரு வருடத்துக்கு மேலான முதலீடு என்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. முழுச் சுற்றை மறுபடி தொடங்க வேண்டிவந்தால் மட்டும் வங்கியில் நகைக்கடன் வாங்குங்கள். கிரெடிட் கார்டு பக்கம் போகவே வேண்டாம். அதற்கு மேல் எத்தனை முயற்சி என்பதை, ஊசி தொடங்கும் முன்பே இருவரும் பேசி முடிவெடுங்கள். நடுவில் அந்தக் கணக்குப் போட மனசு வராது.

பெரும்பாலான தனிநபர் மருத்துவக் காப்பீடுகளில் மலட்டுத்தன்மை சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். அலுவலகக் குழுக் காப்பீட்டில் சில நிறுவனங்கள் தருகின்றன. இருவரும் ஹெச்ஆரிடம் கேளுங்கள், பிரசவத்துக்கான உச்சவரம்பையும் சேர்த்து. குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்குத் தரப்படும் வருமான வரிச்சலுகை இதற்குக் கிடைக்காது.

'ஒரே செலவில் இரட்டைக் குழந்தை' என்று யாராவது இரண்டு கருவை வைக்கச் சொன்னால் மயங்காதீர்கள். இரட்டையர் குறைமாதத்தில் பிறப்பது அதிகம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரம் இருந்தாலே ஐவிஎஃப் செலவைத் தாண்டிவிடலாம். ஒரு கரு மட்டும் வைப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. அலைச்சலுக்கும் விடுமுறைக்கும் வழி இருந்தால், பணம் கட்டுமுன் அங்கும் விசாரித்துப் பாருங்கள்.