பதில்: டிஸ்க் மாற்றியபின் பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை (குடியாத்தம்)
வணக்கம் நண்பரே. 2009 வாக்கில் வாங்கிய கம்ப்யூட்டரின் விண்டோஸ் 7-ஐப் புது லேப்டாப்பில் வைத்து 500 ஜிபி டிஸ்குக்கு காப்பி செய்தீர்கள். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) டிஸ்க் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை என்கிறீர்கள். பயாஸில் தெரிந்தால் டிஸ்கும் கேபிளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இதற்காக வேலூர் வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

லேப்டாப் அந்தப் புது டிஸ்கை ஜிபிடி முறையில் (டிஸ்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் புதிய முறை) தயார் செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் பழைய பயாஸுக்கு எம்பிஆர் என்ற பழைய முறைதான் வேண்டும். புது டிஸ்கை மறுபடி லேப்டாப்பில் மாட்டி, டிஸ்க்பார்ட்டில் (விண்டோஸில் கட்டளை கொடுத்து டிஸ்கைப் பிரிக்கும் கருவி) 'கிளீன்', அடுத்து 'கன்வர்ட் எம்பிஆர்' கொடுங்கள். கிளீன் மொத்தத்தையும் அழித்துவிடும். அதனால் அதற்கு முன்பே 'லிஸ்ட் டிஸ்க்'கில் அளவைப் பார்த்துச் சரியான டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். கடைக் கணக்கெல்லாம் இருக்கும் பழைய டிஸ்கை அந்த நேரத்தில் தயவுசெய்து கழற்றியே வையுங்கள்.

மறுபடி காப்பி செய்யும்போது சி டிரைவ் மட்டும் போதாது. அதற்கு முன்னால் 100 எம்பியில் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற சிறு பகுதி இருந்தால் பூட் ஃபைல்கள் அதில்தான். அதையும் எடுத்து, 'ஆக்டிவ்' (பூட் செய்யத் தேடப்படும் பகுதி) ஆக்குங்கள்.

பயாஸில் உள்ள சாட்டா மோடை (டிஸ்குடன் கம்ப்யூட்டர் பேசும் முறை; ஐடிஇ, ஏஹெச்சிஐ என இருக்கும்) தொடாதீர்கள். ஐடிஇ-யில் ஓடிய விண்டோஸ் 7, ஏஹெச்சிஐ-க்கு மாற்றினால் நீலத்திரையில் நின்றுவிடும். தேதி அடிக்கடி பின்னால் போகிறதா? போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.