ஏரி இறங்குது, போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தலாமா? (பெருங்குடி, சென்னை)

மே மாசமே சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் பாதிக்குக் கீழே போயிடுச்சு, 2019 தண்ணிப் பஞ்சம் திரும்புமோன்னு பயந்து அசோசியேஷன்ல போர்வெல்லை ஆழப்படுத்தச் சொல்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க.

சதவீதத்தை விடுங்க, டிஎம்சி (நூறு கோடி கன அடி) பாருங்க. 1 டிஎம்சின்னா தினம் சுமார் 94 கோடி லிட்டர் வீதம் ஒரு மாசத்துக்கு வரும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் நிரம்பினா 11 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல. கையில 5 இருந்தா, வெயில் குடிக்கிறது போக, வடகிழக்குப் பருவமழை வரைக்கும் பெரும்பாலும் ஓட்டிடலாம். 2019 ஜூன்ல நாலுமே கிட்டத்தட்ட வறண்டு கிடந்துச்சு. ஜூலையில ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஏரி வந்திருக்கு. 2024ல நெம்மேலியில தினம் 15 கோடி லிட்டர் கடல்நீர் ஆலையும் சேர்ந்திருக்கு, அது தென்சென்னைக்குத்தான்.

போர்வெல் விஷயத்துல எனக்கு உடன்பாடில்லை. கடல் கிட்ட இருக்கிற பகுதி, இறங்க இறங்க உப்பு ஏறலாம். அந்தக் காசுல மொட்டைமாடித் தண்ணியை இறக்க ரெண்டு உறைகிணறு போடுங்க, சம்பை (தரைக்கடித் தண்ணித் தொட்டியை) பெருசாக்குங்க.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க: உங்களுக்குக் குடிநீர் வாரியக் குழாய் இணைப்பு இருக்கா, இல்ல முழுக்கத் தனியார் லாரியா? லாரின்னா ஏரிக் கணக்கு அவ்வளவா உதவாது. அவங்க பெரும்பாலும் புறநகர்க் கிணறுகள்லதான் எடுக்கிறாங்க.