டூன்ரே வேக ஈனுலையைப் பிரிக்க ஏன் இத்தனை ஆண்டுகள்?

"1977-லேயே மூடிய உலையை இடித்துத் தள்ள வேண்டியதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சிக்கல் அதன் குளிர்விப்பானில், அதாவது உலையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் திரவத்தில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் வடகரையில், பெரிய எஃகு உருண்டைக்குள் 1959-இல் இயங்கத் தொடங்கிய சோதனை அணு உலை இது. வேக ஈனுலை என்றால், வேகமான நியூட்ரான்களைக் கொண்டு இயங்கி, புது எரிபொருளையும் உண்டாக்கும் உலை. தண்ணீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும். இந்த வகை உலைக்கு அது ஆகாது. அதனால் சோடியம்-பொட்டாசியக் கலவையை ஓட்டினார்கள். அறை வெப்பத்திலேயே பாதரசம் போல ஓடும். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். போதாததற்குக் கதிரியக்கம் வேறு.

அந்த 57 டன் கலவையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காரக் கரைசலில் விட்டு, அமிலத்தால் நடுநிலையாக்கி, கதிரியக்கமுள்ள சீசியம் என்ற தனிமத்தைப் பிரித்தெடுத்து, உப்புநீராக்கினார்கள். 2012-இல்தான் முடிந்தது. அவசரப்படாததே சரி என்பேன். அப்புறம், உலையின் எரிபொருள் மையத்தைச் சுற்றியிருந்த யுரேனியக் கோல்களில் பல வீங்கி இறுகிக் கிடந்தன. அவற்றைத் தொலைவிலிருந்தே கருவிகளால் விடுவித்து எடுக்க வேண்டியிருந்தது.