கரண்ட் வைக்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை: வாசகர் கேள்விகள்

கதிர்வீச்சுச் சிகிச்சை, அதாவது நம் பேச்சில் 'கரண்ட் வைப்பது', பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய பழைய வட ஆற்காடு பக்கத்திலிருந்து வந்தவை. மருத்துவ இயற்பியல் வேலையில் இருப்பவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சிகிச்சை முடிவுகளை உங்கள் டாக்டர்தான் எடுப்பார். அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை என்னால் விளக்க முடியும்.

என் மாமியாருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வேலூரில் கரண்ட் வைக்கிறார்கள். தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, யூரின் போகாமல் அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் அத்தையால் அடக்க முடியாமல் போய்விட்டு வந்ததற்கு, மறுபடி முதலிலிருந்து குடிக்கவைத்து உட்காரவைத்துவிட்டார்கள். வயதானவருக்கு இவ்வளவு கஷ்டம் தேவையா?
— வாசகி, குடியாத்தம்

தேவைதான் அம்மா. ஆனால் காரணத்தை யாரும் அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

இந்தச் சிகிச்சையில் அடிவயிற்றுக்கு மொத்தம் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு கொடுப்பார்கள், அதை 25 நாட்களாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள். அப்புறம் உள்ளே குழாய் வைத்துக் கொடுப்பது தனி. வயிற்றுக்குள் கதிர்வீச்சைத் தாங்க முடியாத உறுப்பு சிறுகுடல். சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் சிறுகுடல் சரிந்து இடுப்புக்குழிக்குள் இறங்கி, கதிர் விழுகிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளிவிடும். அந்தத் தண்ணீர் செய்கிற வேலை இதுதான், இதற்கு மாற்றாக எந்த மருந்தும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பை நிறைவதற்கும் காலியாவதற்கும் இடையில் கர்ப்பப்பையின் மேல்முனை சில சென்டிமீட்டர் கூட நகரும். முதல் நாள் ஸ்கேன் எடுத்தபோது பை எவ்வளவு நிறைந்திருந்ததோ அந்த நிலையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள், ஆகவே தினமும் ஏறக்குறைய அதே அளவு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தாலும் சிக்கல், முட்ட முட்ட நிறைந்தாலும் சிக்கல்.

வேலூர் வெயிலையும் மறக்கக் கூடாது. மே மாதத்தில் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் ஏற்கெனவே வியர்த்துக் காய்ந்துபோயிருப்பார், அவர் குடிக்கிற அரை லிட்டர் அவ்வளவு சீக்கிரம் பைக்குப் போய்ச் சேராது. வயிற்றுப்போக்கு இருந்தாலும் இதே கதைதான். அதனால் வீட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வரட்டும். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் ஒரு தடவை பாத்ரூம் போய்விட்டு, அதற்கப்புறம் சொன்ன அளவைக் குடித்து, சொன்ன நேரம் காத்திருக்கட்டும். அடக்க முடியவில்லை என்றால் உடனே டெக்னீஷியனிடம் சொல்லச் சொல்லுங்கள், முறை மாற்றி முன்னால் அனுப்ப வழி இருக்கலாம். கூச்சப்பட்டு, போய்விட்டு வந்து "போகலை" என்று சொல்வதுதான் ஆபத்து.

மனைவிக்கு இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்கப் போகிறார்கள். அதற்கு முன் வீட்டில் மூச்சை இழுத்துப் பிடித்துப் பழகச் சொன்னார்கள். மூச்சுக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், ஆம்பூர்

மார்புக்கூட்டின் இடது பக்கத்தை ஒட்டித்தான் இதயம் இருக்கிறது. நன்றாக மூச்சை இழுத்தால் நுரையீரல் விரிந்து இடையில் புகுந்துகொள்ளும், உதரவிதானம் கீழே இறங்கி இதயத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மார்புச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கிறது. அந்தச் சில வினாடிகள் மட்டும் மெஷின் ஓடும், மூச்சு தளர்ந்தால் கதிர் தானாக நின்றுவிடும். ஆகவே தும்மலோ இருமலோ வந்துவிட்டால் என்ன ஆகுமோ என்று அவர் பயப்பட வேண்டாம்.

இதில் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால், சுவீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. இதயத்துக்குச் சராசரியாகப் போய்ச் சேருகிற ஒவ்வொரு கிரேவுக்கும், பின்னாளில் மாரடைப்பு போன்ற பாதிப்பு வருகிற வாய்ப்பு, இருப்பதைக் காட்டிலும் 7.4 சதவீதம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று கோடு போடவும் முடியவில்லை. உங்கள் மனைவிக்கு இன்னும் பல வருஷ வாழ்க்கை இருக்கிறது, அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. காலையும் மாலையும் படுத்தபடி, தோளைத் தூக்காமல், இருபது வினாடி பிடிக்கப் பழகினால் போதும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். முகத்துக்கு வலை மாதிரி முகமூடி செய்து கரண்ட் வைத்தார்கள். நாலாவது வாரத்தில் புது முகமூடி, புது ஸ்கேன். முதலில் தப்பாகச் செய்துவிட்டார்களோ?
— வாசகர், ராணிப்பேட்டை

இல்லை, கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். அந்த முகமூடி ஒரு வகை பிளாஸ்டிக். சூடான தண்ணீரில் போட்டால் நனைந்த அப்பளம் மாதிரி தொய்ந்துவிடும், முகத்தின் மேல் இழுத்துப் பொருத்தினால் சில நிமிஷத்தில் இறுகி அந்த முகத்தின் அச்சாகவே ஆகிவிடும். ஆனால் முகம் அப்படியே இருக்க வேண்டுமே. மூன்றாவது வாரத்துக்குள் வாய்ப்புண் வந்து சாப்பாடு குறைகிறது, எடை இறங்குகிறது, கன்னமும் கழுத்தும் ஒட்டுகின்றன, கட்டியும் சுருங்குகிறது. காதுக்குக் கீழே இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி சுருங்குவதோடு உள்பக்கமாகவும் நகர்கிறது. முகமூடிக்குள் தலை ஆட ஆரம்பித்தால், தண்டுவடத்துக்குப் போகக் கூடாத அளவு போய்விடலாம். அதனால்தான் மறுபடி அளந்து மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கஞ்சி, முட்டை, பால் என்று எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். எடையைக் காப்பாற்றுவதும் சிகிச்சைதான், தேவைப்பட்டால் மூக்குக் குழாய் வைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

கரண்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு பேத்தியைத் தூக்கலாமா?
— வாசகி, ஆற்காடு

தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து மெஷினில் வைக்கிற கதிர்வீச்சு, மெஷின் நின்றதுமே நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் மருந்து குடிக்கிறவர்களுக்கு விதி வேறு, அவர்கள் கொஞ்ச நாள் தள்ளியிருக்க வேண்டும்.

பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் வருடம். மருத்துவ இயற்பியல் படித்தால் ஆராய்ச்சிக்கு இடம் இருக்கிறதா, மெஷினைப் பார்த்துக்கொள்வது மட்டும்தானா?
— மாணவர், காட்பாடி

தம்பி, முதலில் படிப்பு. எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் நேராகப் படிக்கலாம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, உங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. இல்லாவிட்டால் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருட டிப்ளமோ. அப்புறம் ஆஸ்பத்திரியில் பயிற்சி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கான தேர்வு.

மெஷினைப் பார்த்துக்கொள்வதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். கதிரின் அளவைச் சோதிக்கும் அயனிக் கலத்துக்குள் இருப்பது வெறும் காற்று. அறை வெப்பம் 20 டிகிரியிலிருந்து 25 ஆனால் அளவீட்டில் 1.7 சதவீதம் திருத்தம் போட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேலே இருக்கிற வேலூரில் காற்றழுத்தம் சென்னையை விடக் குறைவு, அதற்கும் ஒரு திருத்தம் உண்டு. இவற்றை விட்டுவிட்டால் அந்த மெஷினில் படுக்கிற எல்லாருக்கும் அளவு தவறும்.

ஆராய்ச்சிக்கு வருகிறேன். கதிரை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் கொண்டுபோய் வைக்க மெஷினால் இன்றைக்கு முடிகிறது. உடம்புதான் நிற்காது. நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கிற கட்டி சாதாரண மூச்சுக்கே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போகும். கல்லீரல் நகர்வதோடு வடிவமும் மாறும். நேற்று ஓர் இடத்தில் 2 கிரே வாங்கிய திசு இன்று எங்கே இருக்கிறது, இரண்டு நாள் அளவையும் எப்படிக் கூட்டுவது? இதற்கு விடை தேட, நீங்கள் முதல் வருஷம் படித்த யங் குணகம், அதாவது ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்கிற எண், வேண்டும். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல், நம் மென்திசுக்களுக்குச் சில கிலோபாஸ்கல்தான், அதுவும் இழுக்க இழுக்க மாறும். உறுப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் அழுத்தியும் வளைத்தும் பார்க்கிற ஆய்வுகள் இப்போது நிறைய நடக்கின்றன.

கட்டிக்குள் இருக்கிற அழுத்தம் இன்னொரு பெரிய விஷயம். இந்தியாவில் பிறந்து ஹார்வர்டில் பணிபுரியும் ராகேஷ் ஜெயின் பல வருஷமாக இதைத்தான் ஆராய்கிறார். கட்டி வளரும்போது தன் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்குகிறது, ஆக்சிஜன் போகாமல் தடைபடுகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர்வீச்சு தேவைப்படும். இயந்திரவியலும் உயிரியலும் ஒன்றாக வந்து நிற்கிற இடம் இது, இங்கே ஆள் போதவில்லை. கணிதத்தையும் நிரல் எழுதுவதையும் விடாமல் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

எனக்குக் கன்னப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நோய் இல்லை என்கிறார்கள். ஆனால் வாய் திறப்பது குறைந்துகொண்டே வருகிறது, ஒரு விரல்தான் போகிறது. போகப் போகச் சரியாகிவிடுமா?
— வாசகர், பேரணாம்பட்டு

தானாகச் சரியாகாது ஐயா, இதை நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. கதிர்வீச்சு பட்ட மெல்லும் தசைகளில் கொலாஜன் நார் சேர்ந்துகொண்டே போகும், தசை நீளும் தன்மையை இழக்கும். முடிந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் கூட இது நடந்துகொண்டிருக்கும். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய்த்திறப்பு குறைவு என்று கணக்கு. சாதாரணமாக மூன்று விரல் போக வேண்டும்.

இந்த வாரமே சிகிச்சை பெற்ற இடத்துக்குப் போய், முதலில் நோய் திரும்பவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லுங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, கொஞ்ச நாளுக்கு ஒரு குச்சியாகக் கூட்டுகிற பயிற்சி உண்டு, அதற்கென்று கருவிகளும் உண்டு. ஒரே நாளில் பலமாக நெம்பாதீர்கள், தினமும் பல தடவை, மெதுவாக, நிதானமாக. பீடி, ஹான்ஸ், பாக்கு எதுவும் வாயில் படக் கூடாது.

கூடவே ஒன்று. பல் வலித்தால் பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய்ப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே அரித்துப்போகலாம். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் கரண்ட் வைத்த விவரத்தை முதலில் சொல்லுங்கள், அந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில் கொண்டுபோங்கள்.