ஏறியவர்களும் இறங்கியவர்களும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தாத்தாவுக்கு நாலு ஏக்கர் நஞ்சை இருந்தது. இப்போது பெரியப்பா வீட்டில் ரேஷன் அரிசிதான். அன்று எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்தவரின் பேரன் திருப்பூருக்குப் போய்ச் சம்பாதித்து மெத்தை வீடு கட்டிவிட்டார். பெரியப்பா குடிக்கிறவர் இல்லை, சோம்பேறியும் இல்லை. ஊரில் தலையெழுத்து என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கணக்குக் கேட்க மாட்டார்கள். அப்படிக் கணக்குக் கேட்டவர் ஒருவர் உண்டு. அனிருத் கிருஷ்ணா, ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர். 2002-ல் ராஜஸ்தானில் 35 கிராமங்களில் ஆய்வு நடத்தினார். ஏழை என்றால் யார் என்பதை ஊர்க்காரர்களையே சொல்லச் சொன்னார். வயிற்றுக்கு உணவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வெளியே உடுத்திப்போகத் துணி, வாங்கிய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கத் தொடங்குவது. இந்த நாலு படியைத் தாண்டினால் ஏழை இல்லை என்றார்கள். சரி, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் எந்தப் படியில் இருந்தீர்கள் என்றால் யாருக்கு ஆண்டு நினைவிருக்கும்? ‘எமர்ஜென்சி சமயத்தில்’ என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

6,376 குடும்பங்களில் சுமார் 11 சதவீதம் அந்தக் காலத்துக்குள் வறுமையிலிருந்து ஏறிவிட்டன. அதே ஊர்களில் சுமார் 8 சதவீதம் புதிதாக இறங்கியிருந்தன. அரசுக் கணக்கு மாதிரிப் பார்த்தால் வறுமை மூன்று சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். அந்த மூன்றில் உங்கள் பெரியப்பாவும் தெரிய மாட்டார், திருப்பூர்க்காரரும் தெரிய மாட்டார்.

இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரே அடியில் விழவில்லை. முதலில் வீட்டில் ஒருவருக்கு நோய். சம்பாதிக்கிறவரே படுத்துவிட்டால் வருமானமும் போயிற்று. வைத்தியத்துக்கு வட்டிக்கடன். அப்புறம் நிலம் அடகு. நோயாளி இறந்துபோனால் ஊருக்கே சாவு விருந்து போட வேண்டும், அதற்கும் கடன். இந்த விருந்தைத் தடுக்க ராஜஸ்தானில் 1960-லேயே சட்டம் போட்டார்கள், விருந்து நிற்கவில்லை. குடியாலும் சோம்பலாலும் கெட்டவர்கள் மிகச் சிலர்தான். உங்கள் பெரியப்பாவுக்காக நீங்கள் வாதாடவே வேண்டியதில்லை.

ஏறியவர்கள் கதையே வேறு. அரசு வேலை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலும் வீட்டில் ஒருவர் நகரத்துக்குப் போய்க் கிடைத்த வேலையைச் செய்து பணம் அனுப்பியிருக்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருந்ததால்தான் அந்த வேலையும் கிடைத்திருக்கிறது. ஆக, ஏற்றிவிடுவது ஒரு வேலை, விழாமல் பிடிப்பது இன்னொரு வேலை. நம் திட்டங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் செய்கின்றன. எருமை வாங்கக் கடன் கொடுத்தால், ஆஸ்பத்திரிச் செலவு வரும் நாளில் அந்த எருமைதான் முதலில் சந்தைக்குப் போகும்.

பெரியப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நிலத்தில் முதல் துண்டை எந்த வருஷம் விற்றார், அந்த வருஷம் வீட்டில் யார் படுக்கையில் கிடந்தார்கள்? நான் எங்கள் வீட்டில் கேட்டேன். 1991, பாட்டி.